கத்தியின் முதுகு

சவரக் கத்தி தோல்வாரில் கூராவதில்லை. ஆனால் வாரைத்தான் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். நாற்காலியில் சாய்ந்திருப்பவன் கண்ணில் படுவது அது ஒன்றுதான். ஆணியில் தொங்கும் பட்டை, மேலும் கீழும் போய்வரும் கத்தி, அந்த ஓசை. வார் இல்லாத இடத்தில் நாவிதரின் இடது உள்ளங்கை. இதைப் பார்த்துவிட்டுக் கத்தி தீட்டுவதைப் பார்த்ததாக நினைத்துக்கொள்கிறோம். வார் செய்வது ஏற்கெனவே உண்டாகிவிட்ட வாயை ஒழுங்குபடுத்துவது, அவ்வளவுதான். வாய் உண்டாவது வேறிடத்தில், வாடிக்கைக்காரர் யாரும் இல்லாத நேரத்தில், தண்ணீர் தெளித்த ஒரு கல்லின் மேல். நம்மில் சரித்திரம் எழுதியவர்களும் நாற்காலியில் சாய்ந்திருந்தவர்கள்தான் என்று எனக்குப் படுகிறது. எஃகு உருக்கியவனைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கத்தி பிடித்தவனின் ஜாதியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கல்லின் மேல் நடந்ததைப் பற்றி எழுதியதாகக் காணோம். பழைய தென்னாற்காடு ஜில்லாவை, அதிலும் நெய்வேலி நகரியத்தை வைத்துக்கொண்டு இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

முதலில் வேலையைச் சொல்லிவிட வேண்டும். கத்தியின் குறுக்குவெட்டை மனசில் கொண்டுவந்தால் விஷயம் எளிது. கனத்த முதுகு. அதிலிருந்து இறங்கி, மெலிந்து, வாயில் போய்ச் சேரும் இரண்டு பக்கங்கள். அரிவாள்மணையையோ கறிக்கத்தியையோ தீட்டுகிறவன் கோணத்தைத் தன் மணிக்கட்டில் வைத்திருக்க வேண்டும். சற்றுத் தூக்கினால் ஒரு கோணம், தாழ்த்தினால் இன்னொன்று. சவரக் கத்தியில் இந்தத் தொல்லையும் கிடையாது, இந்தச் சலுகையும் கிடையாது. கத்தியைக் கல்லின் மேல் படுக்க வைத்தால் முதுகும் வாயும் ஒரே சமயத்தில் கல்லைத் தொடுகின்றன. முதுகின் கனம் கத்தியின் அகலத்தில் நாலில் ஒரு பங்கு, சிலவற்றில் அதற்குக் கொஞ்சம் கூட. எனவே வாயில் சந்திக்கிற இரண்டு சரிவுகளுக்கும் இடையே 14 முதல் 17 டிகிரிவரை ஒரு கோணம் தானாகவே விழுந்துவிடுகிறது. அதைத் தீர்மானித்தவன் தீட்டுகிறவனல்ல, கத்தியைச் செய்தவன். வருஷக்கணக்கில் தீட்டத் தீட்ட வாய் தேய்ந்து அகலம் குறையும். முதுகும் கல்லில் தேய்ந்து கனம் குறையும். இரண்டும் சேர்ந்து குறைவதால் கோணம் ஏறக்குறைய முதல் நாள் இருந்தபடியே இருக்கும். முதுகு தேயக்கூடாது என்று அதைக் கல்லிலிருந்து தூக்கிப் பிடித்தால் கோணம் பெருத்துவிடும். பெருத்த கோணம் மயிரை வெட்டாது, பிடுங்கும்.

புதுக் கத்தியானாலும், வாய் மடிந்துபோன பழைய கத்தியானாலும், முதல் வேலை இந்த இரண்டு சரிவுகளையும் எடுத்து, அவை அடியிலிருந்து நுனிவரை ஒரே கோட்டில் சந்திக்கும்படி செய்வது. அதற்குச் சொரசொரப்பான கல். வாய் முன்னே போகவேண்டும், முதுகு பின்னால் வரவேண்டும். கல்லின் மேல் படிந்த ஓர் ஏட்டைச் சீவியெடுப்பதுபோல. கத்தியின் நீளம் கல்லின் அகலத்தை மீறுமாதலால், தள்ளும்போதே சற்றுக் குறுக்காக இழுத்து எல்லா இடமும் கல்லைத் தொடும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். கோடிக்கு வந்ததும் முதுகின் மேலேயே புரட்டி மறுபக்கத்தைப் படிய வைத்து அதே வழியில் திரும்ப வேண்டும். வாயின் மேல் புரட்டினால் அதுவரை செய்தது போயிற்று. வாரில் எல்லாம் தலைகீழ்; அங்கே முதுகு முன்னே போகும், வாய் பின்னே வரும். இதை மாற்றிச் செய்தால் தோல் அறுந்துவிடும். கல்லும் சமமாக இருக்க வேண்டும். நடுவில் குழிந்த கல்லில் தீட்டிய கத்தியின் வாய் நேராக வராது. அதனால் கல்லோடு கல்லைத் தேய்த்து அவ்வப்போது சமப்படுத்துவதும் இந்த வேலையில் சேர்த்திதான்.

சரிவுகள் சந்தித்துவிட்டனவா என்று அறிய வெளிச்சம் போதும். வாயை மேல்நோக்கிப் பிடித்து, நேராக அதன் தலைக்கு மேலிருந்து பார்க்க வேண்டும். மழுங்கிய இடம் ஒரு வெள்ளைக் கோடாக மினுங்கும். மழுங்கல் என்பது ஒரு பரப்பு. எத்தனை குறுகலானாலும் பரப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். இரண்டு சரிவுகளும் சந்தித்துவிட்ட இடத்தில் பரப்பு என்று ஏதுமில்லை, ஆகவே கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எங்காவது ஒரு நெல்மணி அளவுக்கு மினுக்கம் மிச்சமிருந்தால் அங்கே வேலை பாக்கி. கட்டைவிரல் நகத்தின் மேல் பாரமில்லாமல் இழுத்துப் பார்ப்பதும் உண்டு. வழுக்கினால் ஆகவில்லை. வழிநெடுக ஒரே சீராகக் கவ்விக்கொண்டு வந்தால் ஆயிற்று.

இந்த முதல் வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு நுண்ணிய கல்லுக்குப் போகிறவன் பரிதாபத்துக்குரியவன். அடுத்தடுத்து எத்தனை மென்மையான கல்லில் தேய்த்தாலும் அவன் மெருகேற்றுவது சரிவின் தோளை மட்டும்தான். வாயை அந்தக் கல் தொடவே தொடாது. கத்தி கண்ணாடிபோல் பளபளக்கும், சவரம் மட்டும் ஆகாது. (நம் பத்திரிகைகளில் வருகிற விமர்சனங்கள் சில எனக்கு இந்தக் கத்திகளை ஞாபகப்படுத்துகின்றன. பெயர்களைச் சொல்லி விரோதம் சம்பாதித்துக்கொள்ள இது இடமல்ல.)

இத்தனை மெலிந்த கோணத்தை எல்லா இரும்பும் தாங்காது. மெத்தென்ற இரும்பானால் வாய் மடியும், சரியாகப் பதம் போடாத எஃகானால் பொடிந்து உதிரும். தாங்கக்கூடிய எஃகு நம் ஜில்லாவிலேயே உண்டாக்கப்பட்டது. தென்னாற்காட்டு மேல்சிறுவலூரில் மூசையிலிட்டு எஃகு உருக்கிய இடத்தின் கழிவுகளையும் உடைந்த மூசைகளையும் சாரதா ஸ்ரீநிவாசன் 1990-களில் கண்டு ஆராய்ந்து எழுதினார். ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்று அழைத்தது இந்த வகை எஃகைத்தான். கன்னடத்து 'உக்கு' அவர்கள் காதில் அப்படி விழுந்தது என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் விளக்கம். 1795-இல் ஜார்ஜ் பியர்ஸன் லண்டன் ராயல் ஸொஸைட்டியில் வூட்ஸைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். அவருக்காக அந்த எஃகை அடித்துப் பார்த்துக் கொடுத்தவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி வியாபாரி. ரண சிகிச்சைக் கருவிகளும் சவரக் கத்திகளும் செய்கிறவர். ஐரோப்பிய எஃகு எதையும்விட இதுதான் மேல் என்று தம் கடை அட்டையிலேயே அச்சடித்து வைத்துக்கொண்டார். பிறகு 1820-ஐ ஒட்டி மைக்கேல் ஃபாரடேயும் அவரும் சேர்ந்து வூட்ஸின் ரகசியத்தைத் தேடி எஃகோடு வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் எல்லாம் கலந்து பார்த்தார்கள். அந்தச் சோதனை எஃகில் செய்த சவரக் கத்திகளை ஃபாரடே நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார். மின்சாரத்தின் சரித்திரத்தில் வருகிற மனிதர் சவரக் கத்தியின் சரித்திரத்திலும் வருகிறார் என்பது நெய்வேலியில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறவனுக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

அடுத்து வருகிறவர் ஜோஸையா ஹீத். கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு, 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியவர். சேலத்துத் தாது, தென்னாற்காட்டுக் காட்டுக் கரி. அங்கே வார்த்த இரும்பு எஃகாக்குவதற்கென்று ஷெஃபீல்டுக்குக் கப்பலேறியது. ஹீத்தும் பின்னால் அங்கேயே போய், உருக்கும்போது மாங்கனீஸ் சேர்த்தால் மட்டமான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு கிடைக்கும் என்று கண்டு 1839-இல் காப்புரிமை வாங்கினார். எஃகு விலை இறங்கிற்று. ஷெஃபீல்டு முதலாளிகள் அவர் முறையைச் சிறிது மாற்றிக்கொண்டு அவருக்குக் காசு கொடுக்காமல் தப்பித்தார்கள். வழக்கு அவர் செத்த பிறகும் நடந்தது. பரங்கிப்பேட்டை ஆலை கை மாறிக் கை மாறி 1860-களில் ஓய்ந்தது. அதன் சங்கடங்களில் பெரியது கரி. காடுகள் பின்வாங்கிக்கொண்டே போயின, கரி வருகிற தூரம் கூடிக்கொண்டே போயிற்று. ஆலை நின்ற இடத்துக்கு மேற்கே சுமார் 30 கிலோமீட்டரில் பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி கிடந்தது. அந்தக் காலத்து ஊதுலைக்கு அது அப்படியே உதவியிராது என்பது வேறு விஷயம். இருந்தாலும் வரைபடத்தைப் பார்க்கும்போது விரல் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

ஷெஃபீல்டில் கத்திக்கு முதல் உருவம் கொடுத்தவர்கள் சாணைக்காரர்கள். பெரிய மணற்கல் சக்கரத்தின் முன் குனிந்து, கல் தூசியையும் எஃகுத் தூசியையும் மூச்சில் இழுத்துச் செத்தார்கள். ஈரமில்லாமல் சாணை பிடிக்கிறவன் சராசரியாக 35 வயசைத் தாண்டுவதில்லை, ஈரச் சாணைக்காரன் 45-ஐத் தாண்டுவது அபூர்வம் என்று ஷெஃபீல்டு டாக்டர் ஒருவர் சொன்னதை ஏங்கெல்ஸ் 1845-இல் வெளிவந்த தம் புத்தகத்தில் எடுத்துக்காட்டுகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரம் ஷெஃபீல்டை முந்திற்று. இரண்டு பக்கமும் குழிவாகக் கடைந்தெடுத்த மெல்லிய கத்திகள் அங்கிருந்து வந்தன. குழிவான கத்தியில் கல்லைத் தொடுவது முதுகின் விளிம்பும் வாயும் மட்டும்தான், ஆகையால் தீட்டுவது சுலபம். உள்ளூர்க் கொல்லன் அடித்துக் கொடுத்த கத்தி ஆப்பு மாதிரி. பக்கம் முழுவதும் கல்லில் படியும், தேய்ப்பது அத்தனையும் உழைப்பு.

இதெல்லாம் எஃகு வந்த வழி. அதைக் கையில் வாங்கிக்கொண்டவர் யார்?

கிராமத்தில் அவருக்குக் குடிமகன் என்று பெயர். இன்று அரசியல் சட்டத்தைத் தமிழில் படிக்கிறவனுக்கு இந்தச் சொல் வேறு. ஆனால் நம் கிராமங்களில் 'குடிமகனைக் கூப்பிடு' என்றால் அடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிறவரைக் கூப்பிடு என்று அர்த்தம். அவருக்குக் கூலி கிடையாது. களத்தில் நெல் அளக்கும்போது ஒதுக்குகிற மேரை உண்டு. கல்யாணத்துக்கும் சாவுக்கும் தனி வரும்படி. இந்த வரும்படிகளுக்குப் பழைய ரெவின்யூ பாஷையில் 'சுதந்திரம்' என்று பெயர். வில்ஸன் 1855-இல் வெளியிட்ட ரெவின்யூ சொற்களின் அகராதியில் அந்த அர்த்தத்தில்தான் இந்தச் சொல் பதிவாகியிருக்கிறது. குடிமகனின் சுதந்திரம் என்றால் நாவிதருக்குச் சேரவேண்டிய நெல். இரண்டு சொற்களும் 1947-க்குப் பிறகு எங்கே போய் உட்கார்ந்துகொண்டன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. சொற்களுக்கு நடந்தது மனிதருக்கு நடந்ததா என்பதுதான் கேள்வி.

எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் முதல் தொகுதியிலேயே அம்பட்டன் என்ற தலைப்பு வருகிறது. ஆண்கள் கட்டி அறுக்கிறவர்கள், வைத்தியம் பார்க்கிறவர்கள். பெண்கள் பிரசவம் பார்க்கிறவர்கள். மருத்துவர், பண்டிதர், பரியாரி என்ற பெயர்கள் அதன் மிச்சம். சென்னையில் 1835-இல் மெடிகல் ஸ்கூல் வந்தபிறகு கொஞ்சம் கொஞ்சமாக வைத்தியம் போயிற்று, பெயர் நின்றது. தர்ஸ்டனுடைய கண் கூர்மையானது. சடங்கு, உட்பிரிவு, சம்பந்தம் கொள்ளுகிற முறை எல்லாவற்றையும் எழுதிவிடுகிறார். ஆனால் ஒரு மனிதன் தன் எஃகை எப்படிக் கல்லில் படிய வைக்கிறான் என்பது அவருக்கு வழக்கமாகவோ நம்பிக்கையாகவோ படவில்லை. அது அறிவு. ஜாதியைப் பதிவுசெய்யும் புத்தகத்தில் அறிவுக்கு என்று ஒரு கட்டம் கிடையாது.

சவரம் நடந்த இடம் கொல்லைப்புறம், ஆற்றங்கரை, மரத்தடி. இருவரும் குந்தியிருப்பார்கள். முடிந்ததும் இவர் குளிப்பார், அவர் நெல்லுக்குக் காத்திருப்பார். குடிமகன் யாருக்குச் செய்யலாம், யாருக்குச் செய்யக்கூடாது என்பதை ஊர் தீர்மானிக்கும். சேரிக்கு அவர் செய்யக்கூடாது. கத்தி ஒன்றுதான் என்பதே இதற்குச் சொல்லப்படுகிற காரணம். அங்கே பட்ட வாய் இங்கே படுவதா? தீண்டாமையின் தர்க்கத்தில் வாய் என்பது கத்தியின் மிக ஆபத்தான பகுதியாக இருந்தது. எஃகு எல்லோர் கழுத்திலும் ஒரே மாதிரிதான் போகும் என்பதை ஊர் அறிந்திருந்ததால்தான் இத்தனை ஜாக்கிரதை என்று நினைக்கிறேன்.

நெய்வேலி இங்கே வருகிறது. ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் 1935-இல் ஆழ்குழாய்க் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்த கதை எல்லோருக்கும் தெரியும். 1956 நவம்பர் 14-இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவாயிற்று; 2016-இலிருந்து அதற்கு என்.எல்.சி. இந்தியா என்று பெயர். 1957 மே 20-இல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். கரி கண்ணுக்குத் தெரிந்தது 1961 ஆகஸ்டில். 1962-இல் சோவியத் உதவியுடன் கட்டிய நிலையத்திலிருந்து மின்சாரம். நடுவில் போனவை கிராமங்கள். 1894-ஆம் வருஷத்து நில எடுப்புச் சட்டம் நிலத்தில் பாத்தியதை உள்ளவனுக்கு நஷ்டஈடு பேசும். களத்தில் அளந்து போடுகிற நெல்லுக்குப் பட்டா ஏது? களம் போனதும் மேரை போயிற்று. குடிமகனின் சுதந்திரம் எந்த சர்வே நம்பரிலும் அடங்கவில்லை. ஆனால் அதே நாளில் அவர் மேல் ஊருக்கு இருந்த பிடியும் போயிற்று. நஷ்டஈட்டுக் கணக்கில் வராத லாபம் இது.

பள்ளத்தில் வேறொரு தீட்டல் நடந்துகொண்டிருந்தது. கரியை மூடியிருப்பது கடலூர் மணற்கல். மேல்மண்ணை வெட்ட ஜெர்மனியிலிருந்து வாளிச் சக்கர இயந்திரங்களைக் கொண்டுவந்தார்கள். அங்கத்திய மெத்தென்ற மண்ணைத் தின்று பழகிய பற்கள் இந்த மணற்கல்லில் வெகு சீக்கிரம் மழுங்கின. எஃகைத் தேய்க்க மனிதன் தேடிப் பிடித்த கல் எதுவோ, அதே இனத்துக் கல்லில் எஃகைக் கொண்டு வெட்டினால் வேறென்ன ஆகும்? முழுப் பூமியும் ஒரு சாணை. பாறையை வெடிவைத்துத் தளர்த்தினார்கள். பற்களின் மேல் கடினமான உலோகத்தை வெல்டிங்கில் ஏற்றினார்கள். தேய்ந்ததைக் கழற்றிப் புதியதை மாட்டினார்கள். அடியிலிருந்து சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோவரை முட்டிக்கொண்டு வரும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்தார்கள். இயந்திரத்தின் பல்லைக் கூராக வைத்திருப்பவனுக்கு கிரேடு உண்டு, ஷிஃப்ட் உண்டு, குவார்ட்டர்ஸ் உண்டு. அதே கோட்பாட்டை நூறு மடங்கு நுட்பமாகக் கையாண்டவர் கடைவீதியில் வாடகைக் கடையில் இருந்தார். அவர் வேலை திறமையான தொழில் என்று எந்த ரிஜிஸ்தரிலும் ஏறவில்லை.

ஆனாலும் வாடகைக் கடை என்பது சின்ன விஷயமல்ல. 1955-ஆம் வருஷத்துத் தீண்டாமைக் குற்றச் சட்டம் கடை என்ற சொல்லுக்கு விளக்கம் சொல்லும்போது சலவைக் கடையையும் முடிதிருத்தும் சலூனையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. சட்டம் எழுதியவர்களுக்குக் கத்தியின் வாயில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. கம்பெனி பதிவானது அதற்கு மறு வருஷம். நகரியத்துச் சலூனில் நாற்காலி இருந்தது, எதிரே கண்ணாடி, சுவரில் விலைப் பட்டியல், பெஞ்சில் தினசரி. குந்தியிருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். வந்தவன் அவருக்குக் கீழே தலையைச் சாய்த்துக் கழுத்தைக் காட்டுகிறான். மூன்று ஷிஃப்டிலிருந்தும் ஆள் வருகிறது. எந்த ஊர், என்ன ஜாதி என்று கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை, கேட்டாலும் சொல்கிற பதிலை நம்ப வேண்டிய அவசியமில்லை. இதைச் சமத்துவம் என்று சொல்லிவிட நான் தயாரில்லை. நகரியத்தின் வேலிக்கு வெளியே பல கிராமங்களில் தலித்துகள் முடி வெட்டிக்கொள்ள டவுனுக்கு பஸ் ஏறவேண்டியிருந்தது, சட்டம் இருந்தும். பஸ் ஏறி வந்தால் உட்கார நாற்காலி இருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

1980-களின் தொடக்கத்தில் நகரியத்துக் கடைவீதி ஒன்றில் ஒரு பெரியவரிடம் நான் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தேன். மத்தியானத்தில் கூட்டம் இராது. அப்போதுதான் அவர் கல்லை எடுப்பார். இரண்டு கற்கள். ஒன்று சாம்பல் நிறம், சொரசொரப்பு. மற்றது மஞ்சளும் வெளுப்புமாக வழவழப்பு, மாமனார் கொடுத்தது என்பார். தண்ணீர்தான், எண்ணெய் போடமாட்டார். வாய் மடிந்துபோன கத்தி ஒன்றைச் சாம்பல் கல்லில் எடுத்துக்கொண்டிருந்தார். அரை மணியாகியும் மஞ்சள் கல்லைத் தொடவில்லை. நான் பொறுமையில்லாமல் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாய பாக்காதீங்க சார். முதுக பாருங்க. முதுகு படிஞ்சிதுன்னா வாய் தானா வந்துடும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அது கத்திக்குத்தான் தெரியும். அவசரப்பட்டு அந்தக் கல்லுக்குப் போனோம்னா திரும்பி இங்கதான் வரணும்."

கத்தியை ட்யூப்லைட்டுக்கு நேரே நிமிர்த்திக் காட்டினார். நடுவில் ஓரிடத்தில் வெள்ளையாக ஒரு பொடி மினுக்கம். அதைப் போக்க இன்னும் பத்துப் பதினைந்து தள்ளல். மறுபடி நிமிர்த்தியபோது வாய் இருந்த இடத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவருடைய பையன் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். இந்தக் கல்லை அவன் தொட்டதில்லை, இவரும் தொடவிட்டதில்லை. "எதுக்கு சார்" என்றார். அதற்குமேல் பேச்சில்லை. கைவினைகள் அழிகின்றன என்று கண்ணீர் விடுகிற நண்பர்கள் இந்த 'எதுக்கு' என்பதைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ள வேண்டும். கல்லோடு சேர்ந்து என்னென்ன கைமாறும் என்பது அவருக்குத் தெரியும். கொல்லைப்புறம், குந்தியிருத்தல், களத்து ஓரம். பிரித்துக் கொடுக்க முடியுமானால் கொடுத்திருப்பார். நம் சமூகத்தில் அறிவைப் பிறப்பிலிருந்து பிரித்துக் கொடுக்கிற வழி அவருக்கு யாரும் காட்டவில்லை. தொழிற்பயிற்சி நிலையங்களில் ஃபிட்டரும் டர்னரும் உண்டு. ஃபைல் பிடித்து இரும்பைச் சமதளமாக்க மாசக்கணக்கில் பழக்குவார்கள், எந்த ஜாதிப் பையனும் பழகலாம். அதே பயிற்சி கத்திக்கு வந்தால் குலத்தொழில்.

மெல்லிய தகட்டில் இரண்டு பக்கமும் வாய் வைத்துத் தேய்ந்ததும் எறிந்துவிடுகிற பிளேடுக்கு கிங் கேம்ப் ஜில்லெட் 1901-இல் விண்ணப்பித்து 1904-இல் காப்புரிமை பெற்றார். பிளேடுக்கு முதுகு கிடையாது. கோணம் ஆலையிலேயே முடிந்துவிடுகிறது. மழுங்கினால் தீட்டுவதற்கு வழியில்லை, வழி வேண்டியதுமில்லை. வீட்டில் தானே சவரம் செய்துகொள்கிறவர்கள் முதலில் இதற்கு மாறினார்கள். சலூன்களில் நீளக் கத்தி இன்னும் பல வருஷம் நின்றது. அதை முடித்துவைத்தது ஒரு வைரஸ். 1986-இல் சென்னையில் டாக்டர் ஸுநீதி ஸாலமனும் அவர் மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். ரத்தம் பட்ட கத்தி என்ற பயம் சில வருஷங்களில் எல்லாச் சலூன்களிலும் ஏறிற்று. ஆளுக்கொரு புது பிளேடு. அதையும் இரண்டாக ஒடித்துப் பாதியைப் பிடியில் சொருகுவது. வாடிக்கைக்காரன் கண்ணெதிரே காகிதத்தைப் பிரித்துக் காட்டுவது மரியாதையாகிவிட்டது.

ஒரே வாய் பல கழுத்துகளில் படுவது குறித்து நமக்கு இரண்டு பயங்கள் வந்திருக்கின்றன. முதல் பயம் பொய். அது நூற்றாண்டுக்கணக்கில் நீடித்தது, சட்டம் போட்டும் முழுசாகப் போகவில்லை. இரண்டாவது பயத்துக்குக் காரணம் இருந்தது, ஒரு பாதி பிளேடில் தீர்ந்துவிட்டது. புது பிளேடு முதல் பயத்துக்கும் ஒரு மறைவிடம் கொடுத்தது என்று சந்தேகிக்கிறேன். பிளேடை மாற்றச் சொல்கிறவன் எதற்காகச் சொல்கிறான் என்று இப்போது யாரும் கேட்க முடியாது. எப்படியானாலும் கல்லுக்கு வேலை போயிற்று. போகவேண்டியதுதான், உயிரைவிடப் பெரிய கலை எனக்குத் தெரியாது. ஆனால் போனது என்ன என்று எழுதிவைக்கலாம் அல்லவா? அளவு கருவியில்லாமல், இரண்டு சமதளங்களை ஒரு கோட்டில் சந்திக்கவைத்து, வெளிச்சம் திரும்பாத அளவுக்கு அந்தக் கோட்டை மெலியவைக்கத் தெரிந்தவர்கள் கிராமத்துக்கு ஒரு வீடாவது இருந்தார்கள். அவர்களைப் பற்றிய பழமொழிகள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. அத்தனையும் கேலி.

பெரியவரின் கத்திகளில் ஒன்றைப் பின்னால் ஒரு சமயம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஷெஃபீல்டுக் கத்தி. அடியில் பொறித்த எழுத்து பாதிக்குமேல் அழிந்திருந்தது. கத்தியின் அகலம் என் சுண்டுவிரலுக்கும் குறைவு. முதுகின் இரண்டு ஓரத்திலும் கல்லில் படிந்து தேய்ந்த பட்டை, கண்ணாடிபோல். ஒரு பக்கத்துப் பட்டை மற்றதைவிட நூலளவு அகலம். வலது கைக்காரர், முன்னே தள்ளும்போது கொஞ்சம் பாரம் கூடியிருக்கும், திரும்பும்போது குறைந்திருக்கும். வாய் அதற்கேற்ப ஒரு பக்கமாக நகர்ந்திருக்கிறதா என்று நிமிர்த்திப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது.